சக்கரவர்த்திக்குத் தெளிந்தபோது

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானத்தில் சக்கரவர்த்தி மலை பஸ்ஸில் இறங்கி, மகள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மழைக்குக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்த உரச்சாக்கு நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

“உங்கம்மா இங்க வந்தாளா?” என்று கேட்டார்.

ராணியம்மாள் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே அவரைப் பார்த்தாள். அவள் அம்மா சாமியம்மாள் செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. குடித்திருக்கிறாரோ என்று நினைத்தாள். ஆனால் அவர் குடிக்கிற ஆள் இல்லை.

“இன்னாப்பா கேக்கற?”

“காலைலேர்ந்து ஆளக் காணோம். அடுப்புகூட பத்தவைக்கல. உன்னப் பாக்கத்தான் எறங்கியிருப்பான்னு பஸ் ஏறிட்டேன்.”

“யப்பா, அம்மாதான் செத்துப்போச்சேப்பா. போன வருஷம் சித்திரையில. நீதானே குழியில மண்ணு போட்ட?”

சக்கரவர்த்தி ஒன்றும் புரியாதவராக நின்றார். பிறகு வாய் கோணியது. “எனக்கு யாருமே சொல்லலையே” என்று சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எதிர் வீட்டுக்காரர்கள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று மழையில் ஓடி வந்தார்கள். ராணியம்மாள் அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் தலையைத் துவட்டி, புருஷனின் லுங்கியைக் கட்டச் சொல்லி, சுடு சோற்றில் ரசம் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு வாய் வைத்தவர் நிமிர்ந்து, “உங்கம்மா துன்னாளா?” என்று கேட்டார்.

அவள் மறுபடியும் சொன்னாள். அவர் மறுபடியும் முதல் தடவை கேட்பது போலவே அழுதார்.

ராணியம்மாளும் அவள் புருஷன் தெய்வசிகாமணியும் மலையில் பிறந்தவர்கள்தான். அவன் டிராக்டர் ஓட்ட ஆரம்பித்த பிறகு கச்சிராயபாளையத்துக்கு வெளியே, மலை தொடங்குகிற இடத்தில் வீடு கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ஒரே மகள் சந்தியா விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸுக்குப் படித்தாள். சக்கரவர்த்தி மட்டும் வெள்ளிமலைக்கு மேற்கே எருக்கம்பட்டில், தன் காட்டையும் வீட்டையும் விடமாட்டேன் என்று இருந்தார். சாமியம்மாள் இருந்தவரை அதில் யாருக்கும் கவலை இல்லை.

பொழுது சாயும் நேரத்தில், மில்லில் மரவள்ளி லோடு இறக்கிவிட்டு வந்த தெய்வசிகாமணி, மாமனார் நாலாவது தடவையாக அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தான். அவளைப் பின்பக்கம் கூப்பிட்டான்.

“எத்தினி தடவ அவருக்கு சாவு சேதி சொல்லுவ?”

“கேக்கறாரே. இன்னா சொல்றது?”

“கரியாலூரு சின்னம்மா வூட்டுக்குப் போயிருக்குதுன்னு சொல்லு. வந்துடும்னு சொல்லு. மனுசன் ஒரு வேளை சோறாவது நிம்மதியா துன்னட்டும்.”

“பொய்யி சொல்லச் சொல்றியா, எங்கப்பங்கிட்ட?”

“உண்மையச் சொல்லித்தான் பாத்துட்டியே.”

அன்றைக்கு அவள் அப்படியே சொன்னாள். சக்கரவர்த்தியின் முகம் தெளிந்தது. “சொல்லிட்டுப் போவக்கூடாதா?” என்று பொய்க்கோபத்தோடு சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அதிலிருந்து அவர் அங்கேயே இருந்தார். கார்த்திகையில் மழை கொஞ்சம் விட்டது. தெய்வசிகாமணி குத்தகைக்குப் பிடித்திருந்த நிலத்தில் மரவள்ளி நட்டார்கள். சும்மா உட்கார வைத்தால் எங்காவது போய்விடுகிறார் என்று அவரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். குச்சி வெட்டிக் கொடுத்தால் பாத்தியில் ஊன்ற வேண்டும். அறுபத்தாறு வயதில் ஐம்பது வருஷமாவது அவர் செய்த வேலை அது. ராணியம்மாள் மண்வெட்டியோடு பின்னால் வந்து பார்த்தபோது, ஒரு சால் முழுக்கக் குச்சிகள் தலைகீழாக நின்றன. முளைக்க வேண்டிய கணுக்கள் எல்லாம் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் மண்வெட்டியைக் கீழே போட்டாள். பெண்டாட்டி செத்ததை மறந்ததுகூட அவளுக்குத் துக்கத்தால் வந்தது என்று தோன்றியிருந்தது. இது வேறாக இருந்தது.

“உடு. நான் திருப்பி நட்டுக்கறேன்” என்றான் தெய்வசிகாமணி. “அவரண்ட ஒண்ணும் சொல்லாத.”

ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். வயசானால் இப்படித்தான் என்றார்கள். வல்லாரையை அரைத்துக் கொடு என்றார்கள். அவள் ஓடைக்கரையில் வல்லாரை பறித்து வந்து துவையல் அரைத்தாள். தெய்வசிகாமணி மெடிக்கலில் சொன்னார்கள் என்று மூளைக்குச் சத்து தரும் பவுடர் டப்பா ஒன்றை வாங்கி வந்தான். சக்கரவர்த்தி கொடுத்ததை எல்லாம் சாப்பிட்டார். ஆனால் புளிக்குழம்பு ஊற்றினால் மட்டும் நாக்கு எரிகிறது என்று தட்டைத் தள்ளினார்.

ஒருநாள் வயலிலிருந்து வரும்போது அவர் காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. காரை முள் ஒன்று குதிகாலில் ஏறி ஒடிந்திருந்தது. அதோடு நடந்து வந்திருந்தார்.

“வலிக்கல மாமா?”

“இல்லியே. காலு மதமதன்னு இருக்குது. பஞ்சு மேல நடக்கற மாதிரிதான் இருக்குது ரொம்ப நாளா.”

தெய்வசிகாமணி பொண்டாட்டியைப் பார்த்தான். “இது மறதி மட்டும் இல்ல ராணி. நாளைக்கே கூட்டிக்கினு போலாம்.”

கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். நாக்கு செக்கச்செவேல் என்று வழுவழுப்பாக இருந்தது. கண்ணை மூடி நிற்கச் சொன்னாள். அவர் தள்ளாடி தெய்வசிகாமணியின் தோளில் சாய்ந்தார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்றைக்கு டாக்டரம்மா ராணியம்மாளைப் பார்த்துக் கேட்டாள்.

“அப்பா இன்னாம்மா சாப்பிடறாரு?”

“சோறுதாங்க. கீரை, கொழம்பு…”

“இப்ப உங்க வீட்ல இல்ல. முன்னாடி, மலையில தனியா இருந்தப்ப?”

ராணியம்மாள் மாதத்துக்கு ஒருமுறை பையில் மளிகை எடுத்துக்கொண்டு போவாள். வீட்டைப் பெருக்குவாள். துணி துவைப்பாள். சாப்பிட்டியாப்பா என்று கேட்பாள். சாப்ட்டேன் என்பார். எதைச் சாப்பிட்டார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“கறி, மீனு, முட்டை?”

“அத்த விட்டு ரொம்ப வருஷம் ஆச்சுங்க. கவுச்சியே தொடமாட்டாரு.”

“பால்?”

“மாடு வித்துட்டதுலேர்ந்து வரக்காப்பிதாங்க. அப்புறம் வயித்தெரிச்சல்னு கேஸ் மாத்திரை போட்டுக்கினே இருப்பாரு. வெள்ளிமலையில மெடிக்கல்ல வாங்கியாந்து.”

டாக்டரம்மா தலையை ஆட்டினாள். “பி பன்னெண்டுன்னு ஒரு சத்து. கறி, மீனு, முட்டை, பால்லதான் இருக்குது. அது இவரு ஒடம்புல சுத்தமா இல்ல. அந்த மாத்திரையும் சேந்து இருக்கறதையும் ஏறவிடாம பண்ணியிருக்கு. அது இல்லைன்னா ரத்தம் சுண்டும், நரம்பு கெடும், புத்தி தடுமாறும். வெளியிலேர்ந்து பாத்தா வயசானவங்களுக்கு வர மறதி மாதிரியேதான் இருக்கும். அதனால யாரும் கூட்டிக்கினு வரமாட்டாங்க.”

“வல்லாரை அரைச்சுக் குடுத்துக்கினு இருக்கறேங்க.”

“குடுங்க, தப்பில்ல. ஆனா இவருக்கு இல்லாதது வல்லாரையில இல்லம்மா. பவுடர்லயும் இல்ல. ஊசி போடணும். முதல்ல தினம், அப்புறம் வாரம் ஒண்ணு, அப்புறம் மாசம் ஒண்ணு. கூடவே சாப்பாடு மாறணும். முட்டை, பால், மீனு.”

“சரியாப் பூடுங்களா?”

“ரொம்ப நாள் ஆயிருக்கு. எவ்ளோ வரும்னு சொல்ல முடியாது. சாப்பாட்டால எல்லா மறதியும் போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. இவருக்குக் கொஞ்சமாவது வரும்னு நெனக்கறேன்.”

வீட்டுக்கு வந்ததும் ராணியம்மாள், எருக்கம்பட்டில் அப்பா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரியான ஆயம்மாளுக்குப் போன் போட்டாள்.

“இன்னாத்த ஆக்குவாரு அவரு? ரேஷன் அரிசியில கஞ்சி வெச்சு உப்பு போட்டுக் குடிப்பாரு. பல நாளு பொகையே வராது. நான் கேட்டா, சாமியம்மா ஆக்கிக்கினு இருக்கறான்னுவாரு. வெளையாடறாருன்னு நான் சிரிச்சுட்டு வந்துடுவேன்” என்றாள் ஆயம்மாள்.

ஊசி போடுவதில் சிக்கல் இல்லை. முட்டையில்தான் சிக்கல் வந்தது. வேகவைத்து உரித்து, மிளகு தூவித் தட்டில் வைத்ததைப் பார்த்ததும் சக்கரவர்த்தி கையை எடுத்துக்கொண்டார்.

“இது ஆவாது. நான் உட்டது.”

எதற்காக விட்டார் என்பது ராணியம்மாளுக்குத் தெரியும். சந்தியாவைப் பெற அவள் தாய் வீட்டுக்குப் போயிருந்தபோது, மலையில் ரோடு அறுத்துக்கொண்டு ஜீப் வரவில்லை. கட்டிலில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியில் கட்டில் கயிறு ரத்தத்தில் நனைந்துவிட்டது. ஒரு கல்லைக் கும்பிட்டு, இவள் பிழைத்தால் கவுச்சியை விட்டுவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டார் சக்கரவர்த்தி. அவள் பிழைத்தாள். மகள் பெயரை மறந்த நாளிலும் அவர் அதை மறக்கவில்லை.

“நான்தான் உசுரோட இருக்கறேனேப்பா. சாமி ஒண்ணும் சொல்லாது. துன்னு.”

“மாட்டேன்.”

“டாக்டரு சொன்னாங்க.”

“டாக்டருக்கு இன்னா தெரியும்? உங்கம்மா வரட்டும். அவளக் கேட்டுக்கினு துன்றேன்.”

ராணியம்மாள் அடுப்பங்கரையில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

“அம்மாதான் குடுக்கச் சொல்லுச்சு. கரியாலூர்லேர்ந்து போன் பண்ணுச்சு. நான் சொன்னேன்னு சொல்லி முட்டை குடு, மீனு குடு, துன்னலைன்னா வந்து பேசிக்கறேன்னுச்சு.”

சக்கரவர்த்தி அவளையே பார்த்தார். “அவளா சொன்னா?”

“ஆமா.”

அவர் முட்டையைப் பிட்டு வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும், “அவ சொன்னாளா?” என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் ராணியம்மாள் ஆமா என்றாள். மூன்றாம் நாள், தான் சொல்வது பொய் என்பதே அவளுக்கு உறைக்காமல் போயிற்று.

மார்கழிப் பனியில் மலை காலையில் தெரிவதில்லை. சூரியன் ஏறிய பிறகுதான் அடிவாரம் முதலில் தெரிந்து, அப்புறம் பனி மேலே விலகிக்கொண்டே போகும். சக்கரவர்த்தியும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார். சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டார். நாக்கு எரியவில்லை என்றார். பாலைக் கொண்டுபோய்ச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வழி தவறாமல் திரும்பினார். பொங்கல் கழிந்து களை எடுக்கப் போனபோது, தெய்வசிகாமணியின் கண்ணில் படாமல் ஓரச்சாலில் விட்டுப்போயிருந்த குச்சிகளைப் பார்த்து நின்றார்.

“ஏம்பா, எவன் நட்டான் இத்த? தலைகீழா நட்டு வெச்சிருக்கறான் கூறு கெட்டவன்.”

தெய்வசிகாமணி சிரிப்பை அடக்கிக்கொண்டான். “கூலிக்கு வந்தவங்க மாமா.”

“பாத்துக் கூலி குடுக்க வாணாமா?”

அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். சந்தியாவுக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். பேத்தியை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார். ராணியம்மாளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அப்பா இரண்டு மூன்று நாட்களாக அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டில் முட்டையை வைத்தபோது, அவ சொன்னாளா என்றும் அவர் கேட்கவில்லை. தொடவும் இல்லை.

மறுநாள் காலையில் அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“ராணி. உங்கம்மா கரியாலூரு போவல, இல்ல?”

அவள் வாளியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“போவலப்பா.”

“செத்துட்டா.”

“ஆமாப்பா.”

அவர் இந்தத் தடவை அழவில்லை. “அவ சொன்னான்னு சொல்லித்தானே கவுச்சி குடுத்த?” என்றார். “செத்தவ பேரச் சொல்லி.”

“நீ பொழைக்கணும்னுதாம்பா.”

“எனக்காவ வேண்டிக்கலையே நான். உனக்காவத்தானே வேண்டிக்கினேன்.”

அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. முட்டை மீன் மட்டுமல்ல, சோறும் இறங்கவில்லை. வரக்காப்பி குடித்துவிட்டு மலையைப் பார்த்தபடி படுத்துக்கிடந்தார். ஊசிக்கும் வரமாட்டேன் என்றார். ராணியம்மாள் கெஞ்சினாள், மோர்ச்சோறு பிசைந்து வாயருகே கொண்டுபோனாள். கடைசியில் தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கத்தினாள்.

“இன்னாதான் வேணும் உனக்கு? சாமிக்குத்தம்னா எனக்கு வரட்டும். பொய்யி சொன்னது நான்தானே? திரும்பவும் பைத்தியம் மாதிரி சேத்துல உக்காந்துக்கினு அழுவணுமா நீ?”

“அப்ப நல்லாத்தான் இருந்தேன்” என்றார் சக்கரவர்த்தி. “அவ எங்கியோ போயிருக்கறா, வந்துடுவான்னு இருந்துச்சு. நீதான் ஆக்கிப் போட்டு, ஊசி போட்டு, எல்லாத்தையும் கொண்டாந்துட்ட.”

“எத்தக் கொண்டாந்தேன்?”

அவர் எழுந்து உட்கார்ந்தார். டிராக்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்த தெய்வசிகாமணியும் கேனை வைத்துவிட்டு வாசற்படிக்கு வந்தான்.

“அன்னிக்கு அவளுக்கு நல்ல காய்ச்சலு. நெஞ்சுல கபம் கட்டிக்கினு மூச்சு இழுத்துச்சு. தண்ணி குடுன்னா. கொடத்துல தண்ணி இல்ல. தூக்கிக்கினு ஊத்துக்குப் போனேன். போற வழியில எதுக்குப் போறேன்னு தெரியாமப் பூட்டுச்சு. கொடத்த கீழ வெச்சுட்டு மரவள்ளிக் காட்டுல நின்னுக்கினே இருந்தேன். பொழுது சாஞ்சுது. ஆயம்மா வந்து கையப் புடிச்சுக் கூட்டிக்கினு போனா. அப்பக்கூட எனக்குத் தண்ணி நெனப்பு வரல. இப்பதான் வந்துச்சு. போன வாரம், பாலு ஊத்திட்டு வரும்போது.”

அப்பா காட்டு வேலையாக இருந்தபோது அம்மா செத்தாள் என்றுதான் ராணியம்மாள் இதுவரை நினைத்திருந்தாள். ஊரும் அப்படித்தான் சொன்னது. அவள் எழுந்து பின்பக்கம் போனாள். கழுவி வைத்த பாத்திரங்களை எல்லாம் எடுத்துப் போட்டு மறுபடியும் தேய்த்தாள். அப்பா மேல் அவளுக்குக் கோபம் வந்தது. நோயாளி மேல் கோபப்படுகிறோமே என்று தன் மேலும் வந்தது. இந்த மனுஷனைத் தெளிய வைக்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நினைப்பும் வந்தது. அதை நினைத்ததற்காக அழுதாள்.

தெய்வசிகாமணி வந்து பக்கத்தில் குந்தினான்.

“தண்ணி குடிச்சிருந்தா அத்தை பொழைச்சிருக்குமா?”

“தெரியாது.”

“அவருக்கும் தெரியாது இல்ல? அதான் அவரப் போட்டு அறுக்குது.”

“தொண்டை காஞ்சு கெடந்துச்சோ இன்னாவோ எங்கம்மா” என்றாள் அவள்.

அடுத்த இரண்டு நாளும் அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலேயே காப்பி வைத்துவிட்டு வந்தாள்.

ஊசி போட வேண்டிய நாள் வந்தது. அவர் வரப்போவதில்லை என்று தெரிந்தும் ராணியம்மாள் விடியலிலேயே அடுப்பு மூட்டினாள். கேழ்வரகுக் களி கிண்டி, கோமுகி அணையில் பிடித்த கெண்டையைப் போட்டுப் புருஷனுக்குக் குழம்பு வைத்தாள். சக்கரவர்த்தி குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வந்தார். கால் மரத்துப்போனது மட்டும் இன்னும் சரியாகவில்லை, இனி ஆகாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அடுப்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“இன்னா கொழம்பு?”

“மீனு. உனக்கு மோரு இருக்குது.”

“மீனே ஊத்து.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“இன்னிக்குத்தானே ஊசி?”

“ஆமா.”

“போலாம். மறந்துட்டாத் தேவலைன்னுதான் கெடந்தேன். ஆனா அவ தண்ணி கேட்டது எனக்கு மட்டுந்தான் தெரியும். நானும் மறந்துட்டா, அவ கேக்கவே இல்லைன்னு ஆயிடும் இல்ல?”

ராணியம்மாள் தட்டில் களியை வைத்துக் குழித்துக் குழம்பை ஊற்றினாள். அவர் தின்றார். ருசித்துத் தின்றதாகத் தெரியவில்லை. கசப்பு மருந்து குடிக்கிறவரைப் போல ஒவ்வொரு வாயாக விழுங்கினார். அவள் சுவரில் சாய்ந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அம்மா அன்னிக்கு வேற இன்னா சொல்லுச்சு?”

அவர் யோசித்தார். அவருக்கு யோசிக்க நேரம் பிடித்தது. வெளியே தெய்வசிகாமணி டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“கதவ சாத்தாதேன்னா. புழுக்கமா இருக்குதுன்னா.”

“அப்புறம்?”

“உன்னக் கேட்டா. ராணிக்குச் சேதி சொல்லியுட்டியா, வராளான்னு கேட்டா. சொல்லிட்டேன், வந்துக்கினு இருக்கறான்னேன்.” அவர் தலையை நிமிர்த்தவில்லை. “சொன்னதாத்தான் நெனச்சேன். சொல்லல.”

ராணியம்மாள் சட்டியை இழுத்து, நடுத்துண்டு மீன் ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

“முள்ளு பாத்துத் துன்னு” என்றாள். “பஸ்ஸு வந்துடும்.”